சேதராப்பட்டுக் கல்லுக்குள் கடல்

உங்கள் வீட்டில் ஏழாம் வகுப்போ எட்டாம் வகுப்போ படிக்கும் பிள்ளை, பாடநூலில் “புவித்தட்டு” என்று படித்துவிட்டு, சோற்றுத் தட்டை நினைத்துச் சிரிக்குமாயின் கோபித்துக்கொள்ளாதீர்கள். பெயர் அப்படி அமைந்துவிட்டது. வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த சேதராப்பட்டு, கரசூர் பக்கம் ஒருமுறை அழைத்துச் சென்று காட்டுங்கள்.

கடற்கரையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே இருக்கும் அவ்வூர்களின் நிலத்தடிப் பாறைகளில், சுருண்ட ஓடுடைய கடல் உயிரினங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. ஆங்கிலேயர் இருவர் திரட்டிய இவ்வகைப் புதைபடிவங்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்னும் அறிஞர் ஆராய்ந்து, 1846-இல் இலண்டனில் விவரித்து எழுதினார். ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது.

அக்கடல் எவ்வாறு வந்தது? அதற்கும் வெகுகாலம் முன்பு, நம்முடைய இந்தக் கிழக்குக் கரை அண்டார்டிகாவோடு ஒட்டியிருந்தது. பூமியின் மேலோடு ஒரே துண்டன்று. பல பெருந்தட்டுகளாகப் பிளவுபட்டது. ஒவ்வொன்றும் சுமார் 100 கிலோமீட்டர் கனமுடையது. கீழேயுள்ள பாறை வெப்பத்தால் இளகி, மிக மெதுவாக நகரக்கூடியது. மேசை விரிப்பின் நனைந்த ஓரம் கீழே தொங்கினால் விரிப்பு முழுவதையும் இழுத்துக்கொண்டு போகுமல்லவா? அவ்வாறே, ஆழத்தில் அமிழும் தட்டின் ஓரம் மற்ற பகுதியையும் இழுக்கிறது. இந்தியத் தட்டு பிரிந்து வடக்கே வந்தது. பிரிந்த இடைவெளியில் கடல் புகுந்தது. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் தட்டு ஆசியாவோடு மோத, இமயம் எழுந்தது.

இன்றும் அது ஆண்டுக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் நகர்கிறது. நகம் வளர்வதைவிடச் சற்றே விரைவு, அவ்வளவுதான். நாம் உணர்வதில்லை. ஆயினும் 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அருகே கடலடியில் 5.5 அளவில் நிலநடுக்கம் உண்டானபோது, தட்டின் உட்பகுதியும் முற்றிலும் அமைதியானதன்று என்று கண்டோம்.

அதைவிடப் பெரிது 2004 டிசம்பர் 26. சுமத்திரா அருகே இந்தியத் தட்டு, மற்றொரு தட்டின் அடியில் செருகுகிறது. நெடுங்காலம் இறுகிக் கிடந்த அவ்விளிம்பு, காலை 6.29 மணிக்கு விடுபட்டது. கடல்தரை எகிறியது, நீர் கிளம்பியது. பாகூர் கொம்யூனின் கரையை அலை அடையச் சுமார் இரண்டு மணி நேரத்திற்கு மேலாயிற்று. அந்த நேரம் முழுவதும் கரையோரக் குடும்பங்களுக்குச் சொல்வார் இல்லை. உயிர்களைப் பறித்தது அலை மட்டுமன்று, அந்த மௌனமும்தான்.

இப்போது ஐதராபாத்தில் 2007 முதல் எச்சரிக்கை மையம் இயங்குகிறது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நில அதிர்ச்சி நேர்ந்தபோது, எச்சரிக்கை விரைந்து வந்தது. பாறைகள் பக்கவாட்டில் உரசியதால் அன்று பேரலை எழவில்லை. கடல் திடீரென உள்வாங்கினால் எந்த அறிவிப்புக்கும் காத்திராமல் மேட்டு நிலத்திற்கு ஓட வேண்டும் என்று, மணப்பட்டிலோ பனித்திட்டிலோ உறவினர் இருந்தால் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.