எழுதுகோல் யார் கையில்?

கல்லூரியில் எழுதக் கற்பது என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது ஒரே காட்சிதான். ஆசிரியர் தலைப்புத் தருகிறார். மாணவர் கட்டுரை வரைகிறார். ஆசிரியர் சிவப்பு மையால் திருத்தி மதிப்பெண் இடுகிறார். அத்துடன் அக்கட்டுரையின் ஆயுள் முடிகிறது. அதனைப் படித்து மனம் மாறியவரும் இலர், சினந்தவரும் இலர். எவருக்கும் எழுதாமலே எழுதிப் பழகியவர், பின்னர் ஊருக்கு எழுத வேண்டிய வேளையில் தடுமாறுவது வியப்பன்று.

இக்குறையைக் களைய அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் எடுக்கப்பட்ட முயற்சி ஒன்றை இம்மாதம் வாசகக் குடும்பங்களின் சிந்தனைக்கு வைக்கிறோம்.

பிட்ஸ்பர்க் எஃகு ஆலைகளால் பேர்பெற்ற நகரம். தொழிலாளர் பிள்ளைகள் தொழில் கற்கவென்று ஆண்ட்ரூ கார்னெகி 1900-ஆம் ஆண்டில் அங்கு நிறுவிய பள்ளிகளே பிற்காலத்தில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகமாக வளர்ந்தன. 1980-களில் ஆலைகள் பல மூடப்பட்டன. ஆற்றுக்கு வடக்கே வாழ்ந்த எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் அப்பல்கலைக்கழகத்துக்கும் இடையே தொலைவு சில மைல்களே, மனத்தொலைவோ பெரிது.

அங்குப் பேராசிரியராயிருந்த லிண்டா ஃபிளவர் அம்மையார், ஜான் ஹேஸ் என்பவருடன் சேர்ந்து, ஒருவர் எழுதும்போது அவர் உள்ளத்தில் நிகழ்வது யாது என ஆராய்ந்தவர். எழுதுவோர் தம் எண்ணங்களை வாய்விட்டுச் சொல்லச் செய்து, அவற்றைப் பதிவுசெய்து ஆய்ந்தனர். 1981-இல் வெளிவந்த அவர்களது கட்டுரை எழுத்துப் பயிற்சித் துறையில் பெரிதும் பேசப்பட்டது. ஆனால், எழுதுபவரைச் சூழ்ந்த தெருவும் சமூகமும் இவ்வாய்வில் எங்கே எனச் சிலர் வினவினர். அவ்வினாவில் நியாயம் இருந்தது.

ஏழைகள் நடுவே கற்றவர்கள் குடியிருந்து தொண்டாற்றும் சமூக இல்லங்கள் அந்நாட்டில் பழைய மரபு. ஜேன் ஆடம்ஸ் அம்மையாரும் அவர்தம் தோழியும் 1889-இல் சிகாகோவில் தொடங்கிய ஹல் ஹவுஸ் அவற்றுள் புகழ்பெற்றது. பிட்ஸ்பர்க் வடபகுதியில் அத்தகைய இல்லம் ஒன்றில் பணியாற்றியவர் வெய்ன் பெக் என்னும் போதகர். அவ்வில்லமும் பல்கலைக்கழகமும் கைகோத்து 1989-இல் சமூக எழுத்தறிவு மையத்தை உருவாக்கின.

அங்குக் கல்லூரி மாணவர் ஒருவரும் அப்பகுதிச் சிறுவர் ஒருவரும் இணையாக அமர்ந்தனர். எழுதுபவர் சிறுவரே. மாணவரின் வேலை வினவுவது மட்டுமே: 'நீ சொல்ல வருவது என்ன? யார் இதைப் படிப்பார்? அவர் என்ன மறுமொழி சொல்வார்?' எழுதுகோலைச் சிறுவர் கையிலிருந்து வாங்கிக்கொள்வது மாணவரின் வேலையாக இருக்கவில்லை.

பள்ளியிலிருந்து தற்காலிகமாக நீக்கப்பட்ட சிறுவன் ஒருவன் அங்கு வந்தான். அநீதி என்ற குமுறல் அவனுக்கு. அக்குமுறலை மட்டும் தாளில் கொட்டியிருந்தால் எவரும் செவிமடுத்திரார். ஆசிரியர் தரப்பையும் எண்ணிப்பார்க்க அவன் தூண்டப்பட்டான். பாட்டும், இரு தரப்பையும் காட்டும் நாடகக் காட்சிகளுமாக, அவனும் தோழர்களும் எட்டுப் பக்கச் செய்திமடல் ஒன்றை உருவாக்கினர். பள்ளி நிர்வாகத்தினரையும் ஊராரையும் அழைத்துக் கூட்டமும் நடத்தினர். அம்மடல் பின்னர் அவன் பள்ளியில் ஆசிரியரும் மாணவரும் கட்டாயம் படிக்க வேண்டிய ஏடாயிற்று. பெக், ஃபிளவர், லொரெய்ன் ஹிகின்ஸ் மூவரும் 1995-இல் எழுதிய கட்டுரையில் இந்நிகழ்ச்சியை விவரித்துள்ளனர்.

கல்லூரி மாணவர் பெற்றதும் சிறிதன்று. தம் உரையாடல்களை ஒலிநாடாவில் பதிந்து, திரும்பக் கேட்டு, அதுபற்றி ஆய்ந்து எழுதினர். கற்பிக்கச் சென்ற இடத்தில் தாம் எத்துணை பேசினோம், எத்துணை கேட்டோம் என்பதை அந்நாடாவே காட்டியது. தன்னைத்தானே ஆராயும் கல்வி இது.

இதனைப் படிக்கையில் நம் உள்ளமும் உறுத்தியது. மனு எழுதித் தரக் கேட்டு நம்மிடம் வருவோர் பலர். அவர்கள் சொல்லி முடிக்குமுன் நாமே எழுதி முடித்து, 'இங்கே கையொப்பமிடுங்கள்' என நீட்டிய நாள்கள் எத்தனையோ! உதவினோம் என்றே எண்ணியிருந்தோம். மனுவில் இருந்ததோ நம் குரல், அவர்களது குரலன்று. அடுத்த மனுவுக்கும் அவர்கள் நம்மிடமே வந்தனர்.

அன்பான பெற்றோரே, கல்லூரியில் பயிலும் உங்கள் மகனோ மகளோ அண்டை வீட்டாருக்கு மனு எழுத உதவும்போது ஒன்று சொல்லுங்கள்: முதலில் வினவட்டும், பின்பு காத்திருக்கட்டும். எழுத்து கோணலாக இருக்கலாம். ஆயினும் அது அவர்களுடையதாக இருக்கும்.