கானாவும் கானாவும்

சென்ற இதழில், குளிரில் உறைந்துபோன நம் தேங்காயெண்ணெய்ப் புட்டியைப் பற்றி எழுதியிருந்தோம். அதனைப் படித்த நேயர் சிலர், "எண்ணெய் உறைவது ஒரு துன்பமா? மொழியறியா ஊரில் நீங்கள் இருவரும் பட்ட பாட்டை எழுதுங்கள்" என்று கேட்டிருக்கின்றனர். எழுதுகிறோம். நம் இல்லாளின் அனுமதி பெற்றே எழுதுகிறோம். அவள் விதித்த நிபந்தனை ஒன்றுதான்: "தப்பு யாருடையது என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்."

ஜான்சிக்கு மாற்றல் உத்தரவு வந்த அன்று நம் மாமியார் மிகவும் பெருமைப்பட்டார். 1943-இல் சிங்கப்பூரில் நேதாஜி அமைத்த பெண்கள் படைக்கு ஜான்சி ராணியின் பெயரையே வைத்தார். அதற்குத் தலைமை தாங்கியவர் சென்னையில் பிறந்த கேப்டன் லட்சுமி. மலேயாத் தோட்டங்களிலிருந்து அதில் சேர்ந்த தமிழ்ப் பெண்கள் பலர். "அவர்கள் துப்பாக்கி பிடித்தார்கள். நீ குடித்தனம் நடத்தமாட்டாயா?" என்று மகளுக்குத் தைரியம் சொல்லி அனுப்பினார். துப்பாக்கி பிடிப்பதே எளிது என்று நம் இல்லாள் பின்னர் பலமுறை கூறியதுண்டு.

கோவில்பட்டியிலிருந்து புறப்படுமுன், தமிழெழுத்தில் அச்சிட்ட இந்திப் பாடப் புத்தகம் ஒன்றை வாங்கி அவளிடம் கொடுத்தோம். வினை அங்கேதான் தொடங்கிற்று. இந்தியில் ஐந்து வருக்கங்களிலும் நான்கு நான்காக இருபது வல்லெழுத்துகள். நம்மிடம் இருப்பவை க, ச, ட, த, ப என்னும் ஐந்தே. நமக்கு இவை போதும், இந்திக்காரருக்குப் போதா. "கானா" என்று நம் புத்தகத்தில் எழுதியிருந்தால் அது உணவாகவும் இருக்கலாம், பாட்டாகவும் இருக்கலாம், ஒற்றைக்கண்ணனாகவும் இருக்கலாம். ஒலிதான் வேறு. காகத்தில் வரும் 'கா' ஒன்று. காந்தியில் வரும் 'கா' மற்றொன்று. அடிவயிற்றிலிருந்து மூச்சை வெளியே தள்ளிச் சொல்லும் 'கா' இன்னொன்று. மூச்சோடு சொன்னால்தான் சோறு.

இவ்வளவும் இன்று தெரிகிறது. அன்று நாம் ஆசிரியர் பீடத்தில் அமர்ந்து, "கொஞ்சம் அழுத்திச் சொல்" என்று மட்டும் கற்பித்தோம். அவளும் அழுத்தினாள். அழுத்தியதில் காகம் காந்தியாகிவிட்டது.

திருக்கார்த்திகை வந்தது. குடியிருப்பில் அக்கம்பக்கத்து மூன்று வீட்டாரையும் சாப்பிட அழைப்பதென்று தீர்மானித்தோம். "ஹமாரே கர் கானா ஹை, ஆயியே" என்று நம் இல்லாள் வீடு வீடாகச் சென்று சொல்லிவந்தாள். எல்லாரும் மகிழ்ச்சியோடு தலையசைத்தனராம். அன்று சாம்பார், கூட்டு, பொரியல், பாயசம், கார்த்திகைப் பொரி, அப்பம் என்று பகல் முழுதும் சமைத்தாள். மாலை விளக்கேற்றியதும் பெண்டிர் பத்துப் பேர் வந்தனர். எதிர்வீட்டு மூதாட்டியின் மருமகள் கையில் டோலக் இருந்தது.

அவர்கள் பாயில் அமர்ந்து நம்மைப் பார்த்தனர். நாம் இலை போடலாமா என்று அவர்களைப் பார்த்தோம். இப்படியே கால் மணி நேரம் சென்றது. பிறகு அந்த மருமகள் டோலக்கைத் தட்டி, தொடங்குங்கள் என்று நம் இல்லாளுக்குக் கைகாட்டினாள். "எங்கள் வீட்டில் பாட்டு இருக்கிறது, வாருங்கள்" என்றுதான் அவள் மூன்று வீட்டிலும் அழைத்திருந்தாள்! வந்தவர்களோ இரவுச் சாப்பாட்டை முன்னதாகவே முடித்துக்கொண்டு வந்திருந்தனர். உண்மை விளங்கியதும் எழுந்த சிரிப்பில் தீங்கு ஏதுமில்லை. ஆளுக்கு ஓர் அப்பம் எடுத்துக்கொண்டு, தாங்களே இரண்டு பாட்டும் பாடிவிட்டுச் சென்றனர். ஆனால் நம் இல்லாள் அடுக்களையில் நின்று அழுதாள். மறுநாள் முதல் குடியிருப்புச் சிறுவர்கள் அவளைக் "கானா ஆன்ட்டி" என்று அழைக்கலாயினர். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கைப்பேசியில் மொழிபெயர்ப்பு வசதி இருக்கிறதே என்று நேயர்கள் கேட்கலாம். இருக்கிறது. ஆனால் கதவையே திறக்காதவருக்குக் கைப்பேசி என்ன செய்யும்? எரிவாயு உருளைக்காரர் "கல்" வந்தார் என்று அண்டைவீட்டார் சன்னல் வழியே சொன்னதைக் கேட்டு, மறுநாள் பகல் முழுதும் அவருக்காகக் காத்திருந்தாள். "கல்" என்பது நாளைக்கும் பொருந்தும், நேற்றைக்கும் பொருந்தும். உருளைக்காரர் நேற்றே வந்து திரும்பியிருந்தார். அன்றிரவு நாங்கள் இருவரும் வாழைப்பழம் உண்டு உறங்கினோம். "பொங்கலுக்கு டிக்கட் எடுத்துவிடுங்கள். நான் போனால் இப்போதைக்கு வரமாட்டேன்" என்றாள். மறு பேச்சுப் பேசாமல் எடுத்துக்கொடுத்தோம். 'தன்னந்தனியாக நாள் முழுதும் நான்கு சுவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பவள் அவளல்லவா?' என்று எண்ணினோமே ஒழிய, அவளுக்குத் தவறாகக் கற்பித்தவர் நாம் என்பதை ஒப்புக்கொள்ளவில்லை. இன்று எழுத்தில் ஒப்புக்கொள்கிறோம்.

பொங்கலுக்கு ஒரு வாரம் இருந்தது. அவ்வூரில் அம்மாதத்தில் சில இரவுகள் ஐந்தாறு டிகிரிக்கு இறங்கிவிடும். மூடுபனியால் வண்டிகள் மணிக்கணக்கில் தாமதம். நாம் இரவுப் பணியில் இருந்தோம். வீட்டில் மின்சாரம் நின்றுவிட்டது. அங்கே எல்லாரும் குளிருக்கு அங்கீட்டி என்னும் குமுட்டி அடுப்பில் கரி மூட்டிக் காய்வதைக் கண்டு நாமும் ஒன்று வாங்கியிருந்தோம். அதனை மூட்டி அறைக்குள் எடுத்துச் சென்றாள். எதிர்வீட்டு மூதாட்டி தம் திண்ணையிலிருந்து, "கிட்கீ பந்த் மத் கர்னா!" என்று உரக்கக் கூவினார். சன்னலை மூடாதே என்பது பொருள்.

தமிழில் 'மூடாதே' என்றால் மறுப்பு வினையின் இறுதியில் வரும். இந்தியில் 'மத்' என்னும் சின்னஞ்சிறு சொல்லாக நடுவில் ஒளிந்துகொள்ளும். நம் இல்லாளின் காதில் விழுந்தவை சன்னல், மூடு, செய் என்னும் மூன்றே. குளிருக்காக நல்ல புத்தி சொல்கிறார் என்று நினைத்து, சன்னல்களை அடைத்து, கதவின் கீழிடுக்கிலும் பழஞ்சேலையைத் திணித்துவிட்டுப் படுத்தாள்.

மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு சேரும். நிறமுமில்லை, மணமுமில்லை. மூச்சில் கலந்து, இரத்தம் உயிர்வளியைச் சுமக்கவொட்டாமல் செய்துவிடும். தலைவலி, குமட்டல், பிறகு தூக்கம். அத்தூக்கத்திலிருந்து எழாதவர்களைப் பற்றி வடநாட்டுச் செய்தித்தாள்களில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் காண்கிறோம். வடக்கே புதிதாக வரும் நம்மவர்கள் இதனைக் குறித்துக்கொள்ள வேண்டும். காய்வதானால் சன்னல் திறந்திருக்கட்டும். படுக்குமுன் அங்கீட்டி வெளியே போய்விடட்டும்.

எதிர்வீட்டு மூதாட்டிக்கு உறக்கம் கொள்ளவில்லை. சன்னல்கள் அடைபட்டதை அவர் பார்த்திருந்தார். பதினொரு மணிக்கு மருமகளையும் எழுப்பி அழைத்துக்கொண்டு வந்து கதவைத் தட்டினார். உள்ளே நம் இல்லாளுக்குத் தலை பாறையாய்க் கனத்தது. சிறுவர்கள்தாம் விளையாட்டாகத் தட்டுகின்றனர் என்று எண்ணி எழவில்லை. தட்டுவது நிற்கவில்லை. "பேட்டீ! பேட்டீ!" என்று ஒரு குரல். நம் புத்தகப்படி அது பெட்டியாகவும் இருக்கலாம், மகளாகவும் இருக்கலாம். நள்ளிரவில் எவரும் பெட்டியைக் கூப்பிடமாட்டார் என்ற அளவுக்கு அவளுக்கு அறிவு மிஞ்சியிருந்தது. கால்கள் தள்ளாட வந்து தாழை நீக்கி, வாசலிலேயே விழுந்தாள்.

காலை ஆறு மணிக்குப் பணி முடிந்து வந்தபோது நம் வீடு நாலாபுறமும் திறந்து கிடந்தது. எதிர்வீட்டில் ரஜாய்க்குள் நம் இல்லாள் வெளிறிய முகத்தோடு உட்கார்ந்து தேநீர் பருகிக்கொண்டிருந்தாள். மருத்துவரிடம் அழைத்துச் சென்று காட்டினோம், பயமில்லை என்றார். அன்று மாலை, "டிக்கட் இருக்கட்டுமா, ரத்து செய்யட்டுமா?" என்று கேட்டோம். அவள் அதற்கு விடை சொல்லவில்லை. "ஏங்க, இந்த ஊரில் கரும்பு எங்கே கிடைக்கும்?" என்று கேட்டாள்.

அங்கே பொங்கலன்று மகர சங்கராந்தி. அதற்கு முதல் நாள், உள்ளங்கையை வாய்க்கு நேரே பிடித்து, மூச்சுக் காற்று கையில் படும்வரை "கானா, கானா" என்று பழகிக்கொண்டு, மீண்டும் மூன்று வீட்டுக்கும் சென்று அழைத்தாள். இம்முறை சொல் பிழையின்றி வந்ததாம். மறுநாள் பசியோடுதான் வந்தனர். பொங்கல் ஒரு பருக்கையும் மிஞ்சவில்லை. ஆயினும் அந்த மருமகள் டோலக்கையும் கொண்டுவந்திருந்தாள்.