சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி யார் பணம்?

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் சுமார் 16,000 கோடி பீப்பாய் எண்ணெய் இருக்கிறது என்பார்கள். வெனிசுலா, சவுதி அரேபியா வரிசையில் கனடாவையும் உட்கார வைப்பது இந்தக் கணக்குதான். ஆனால் மண்ணுக்குள் இருப்பது எண்ணெய் அல்ல, மணல். அதில் ஒட்டிக்கொண்டிருப்பது பிட்டுமென், அதாவது கிட்டத்தட்ட தார். குழாய் இறக்கினால் பீய்ச்சி அடிக்கிற சமாச்சாரம் இல்லை இது.

மேலாக இருக்கும் மணலை எடுக்க முதலில் காட்டை வெட்டி, மேல்மண்ணை அள்ளி ஒதுக்க வேண்டும். பிறகு மணலைத் தோண்டி சுடுதண்ணீரில் அலசித் தாரைப் பிரிக்க வேண்டும். ஒரு பீப்பாய்க்கு ஏறக்குறைய 2 டன் மணல். ஆழத்தில் இருப்பதை எடுக்க இயற்கை எரிவாயுவை எரித்து, நீராவியை உள்ளே செலுத்தித் தாரை உருக்க வேண்டும். ஒரு எரிபொருளை எரித்து இன்னொரு எரிபொருள்!

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது பழமொழி. இங்கே கூத்து என்னவென்றால், சுண்டைக்காயை விற்பவர் ஒருவர், சுமைகூலி கொடுக்கப்போவது வேறொருவர்.

மணலை அலசிய தண்ணீரில் களிமண்ணும் நச்சு அமிலங்களும் மிச்சத் தாரும் கலந்திருக்கும். அதை ஆற்றில் விட முடியாது. எனவே அதபாஸ்கா ஆற்றை ஒட்டிய பிரம்மாண்டமான குளங்களில் தேக்குகிறார்கள். இன்று அங்கே நிற்பது ஒரு லட்சம் கோடி லிட்டருக்கும் மேல். 2008 ஏப்ரலில் சின்க்ரூட் நிறுவனத்தின் குளத்தில் இறங்கிய சுமார் 1,600 வாத்துகள் செத்தன. 2010இல் 30 லட்சம் டாலர் அபராதம். கதை முடிந்தது.

வாத்தாவது வெளியே தெரிந்தது. இம்பீரியல் ஆயில் நிறுவனத்தின் கேர்ல் சுரங்கத்தில் 2022 மே மாதமே கழிவுநீர் கசிவது தெரிந்துவிட்டது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஃபோர்ட் சிப்பவையன் ஊரில் வாழும் பழங்குடி மக்களுக்கு முழு விவரம் தெரிந்தது 2023 பிப்ரவரியில். அதுவும் அதே சுரங்கத்தில் இன்னொரு குட்டையிலிருந்து 53 லட்சம் லிட்டர் வழிந்த பிறகு. வேட்டையாடியும் மீன் பிடித்தும் சாப்பிடுகிற மக்களுக்கு ஒன்பது மாதம் முழு விவரத்தை யாரும் சொல்லவில்லை.

இதற்கு வழக்கமான பதில்கள் உண்டு. உலகத்துக்கு எண்ணெய் வேண்டும், சர்வாதிகாரிகளிடம் வாங்குவதைவிட ஜனநாயக நாட்டிடம் வாங்குவது மேல், வேலைவாய்ப்பு கிடைக்கிறது, பழங்குடியினரின் கம்பெனிகளே ஒப்பந்தம் எடுத்துச் சம்பாதிக்கின்றன. எல்லாம் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். குளத்தை யார் சுத்தம் செய்வது என்ற கேள்விக்கு இதில் எங்கே பதில்?

"நிலத்தைப் பழையபடி ஆக்கித் தருவோம்" என்கிறார்கள். பெரிய அளவில் உற்பத்தி தொடங்கியது 1967. சீரமைத்த நிலத்துக்கு முதல் அரசுச் சான்றிதழ் கிடைத்தது 2008. பரப்பு 104 ஹெக்டேர். அதுவும் கழிவுக் குளம் இருந்த இடம் அல்ல, மேல்மண் கொட்டிய மேடு.

சரி, பணமாவது வாங்கி வைத்திருக்கிறார்களா? வாடகைக்கு வீடு கொடுப்பவர்கூட அட்வான்ஸ் வாங்காமல் சாவி தருவதில்லை. 2011இல் ஆல்பர்ட்டா கொண்டுவந்த திட்டப்படி, சுத்தம் செய்யும் முழுச் செலவுக்கான பிணைத்தொகையைக் கம்பெனி முதலிலேயே கட்ட வேண்டியதில்லை. சுரங்கத்தின் ஆயுள் 15 ஆண்டுக்குக் குறைந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கட்ட ஆரம்பித்தால் போதும். அதுவரை பிணையாக எண்ணப்படுவது பெரும்பாலும் இன்னும் தோண்டாத எண்ணெயின் மதிப்பு! எண்ணெய் விலை விழுந்தால் அந்தப் பிணையும் விழும். கம்பெனி திவாலாகப் போகிற நாளும் அதே நாளாகத்தான் இருக்கும். அன்று லாபம் பங்குதாரர்கள் கையில் இருக்கும், குளம் ஊர்க்காரர்கள் தலைமாட்டில் இருக்கும், செலவு வரி கட்டுபவர் கணக்கில் ஏறும்.

எனவே கேட்க வேண்டியது ஒன்றுதான். ஒவ்வொரு பீப்பாய்க்கும் அது விட்டுப்போகும் கழிவைச் சுத்தம் செய்யும் செலவை அன்றே ரொக்கமாக வசூலிக்க வேண்டும். அதையும் சேர்த்த பிறகு லாபம் வந்தால் தோண்டட்டும். வராது என்றால், அந்த 16,000 கோடி பீப்பாயைக் கையிருப்பு என்று சொல்லித் திரிவதை நிறுத்தட்டும்.