சுட்ட துப்பாக்கி யாரிடம் இருக்க வேண்டும்?

இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதி விவசாயி டோனி மார்ட்டின் 2025 பிப்ரவரியில், 80 வயதில் காலமானார். கால் நூற்றாண்டாக அவர் பெயரைச் சொல்லியே ஒரு வாதம் நடந்து வருகிறது. வீடு புகுந்த திருடனைச் சுட்டால் வீட்டுக்காரனுக்குச் சிறை. காவலர்கள் வந்ததும் முதலில் செய்யும் காரியம் அவன் துப்பாக்கியைப் பறிப்பது. ஆக, அந்நாட்டுச் சட்டம் கள்வன் பக்கம் நிற்கிறது என்பதே அந்த வாதம். நம்மிடையே நன்கு படித்தவர்களும் இதை ஒப்பிக்கிறார்கள். நாம் இதை மறுக்கிறோம். மறுப்பதற்குப் பெரிய தத்துவம் எதுவும் தேவையில்லை. நடந்ததை முழுதாகச் சொன்னாலே போதும்.

1999 ஆகஸ்ட் 20 இரவு, எம்னெத் ஹங்கேட் என்னும் சிற்றூரில், ஒதுக்குப்புறமான பண்ணைவீட்டில் மார்ட்டின் தனியே இருந்தார். திருடுவதற்காக இருவர் உள்ளே நுழைந்தனர். அவர் சுட்டார். ஒருவர் காலில் காயத்தோடு தப்பினார். மற்றவன் முதுகில் குண்டு பாய்ந்து செத்தான். அவனுக்கு வயது பதினாறு. 2000 ஏப்ரலில் ஜூரிகள் அதைக் கொலை என்றனர். ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2001 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மார்ட்டினின் மனநிலைப் பிறழ்வைக் கணக்கில் கொண்டு, கொலை ஆகாத மரணம் விளைவித்த குற்றமாகக் குறைத்து, ஐந்தாண்டுச் சிறையாக்கியது. 2003 ஜூலையில் அவர் வெளியே வந்தார்.

வாதக்காரர்கள் வசதியாக விட்டுவிடும் செய்தி ஒன்று உண்டு. அன்றிரவு அவர் கையிலிருந்த துப்பாக்கிக்கு உரிமம் கிடையாது. அவருடைய ஷாட்கன் உரிமம் 1994இலேயே ரத்தாகிவிட்டது. தம் தோட்டத்தில் ஆப்பிள் திருட வந்தவரின் வண்டியை அவர் சுட்டதே அதற்குக் காரணம். ஆப்பிளுக்காகத் துப்பாக்கி தூக்கும் மனிதரிடம் துப்பாக்கி இருக்கலாகாது என்று காவல்துறை ஐந்தாண்டுகளுக்கு முன்பே கணித்திருந்தது. அந்தக் கணிப்பு பலித்தது. பறித்ததால் வந்த கேடல்ல இது. பறித்த பிறகும் அவரிடம் ஒரு துப்பாக்கி இருந்ததால் வந்த கேடு.

இனி மறுபக்கம். 2012 செப்டம்பர் 2, லெஸ்டர்ஷயரில் மெல்ட்டன் மோப்ரே அருகே தனித்திருந்த ஒரு வீட்டில் அகாலத்தில் திருடர்கள் புகுந்தனர். வீட்டுக்காரர் உரிமம் பெற்ற துப்பாக்கியால் சுட்டார், இருவர் காயமடைந்தனர். கணவனும் மனைவியும் கைதாயினர். நாடே கொதித்தது. ஆனால் மூன்றே நாளில், செப்டம்பர் 5 அன்று, அரசு வழக்குத் தொடுக்கும் துறை அவர்கள்மீது வழக்கில்லை என்று அறிவித்தது. அதே மாதம் காயம்பட்ட திருடர்களுக்குத் தலா நான்காண்டுச் சிறை கிடைத்தது. உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருப்பவர் வீட்டில் திருடப் போகிறவன் அந்த அபாயத்தையும் ஏற்றுத்தான் போகிறான் என்று நீதிபதி மைக்கேல் பெர்ட் வெளிப்படையாகவே சொன்னார். அடுத்த ஆண்டு சட்டமும் வீட்டுக்காரருக்குச் சாதகமாகத் தளர்ந்தது. அப்பட்டமாக அளவு மீறாதவரை, பதற்றத்தில் அவர் சற்று மிகையாக நடந்துகொண்டதையும் நியாயமெனக் கொள்ள இடம் பிறந்தது. இதுவா கள்வன் பக்கம் நிற்கும் சட்டம்?

விசாரணை தொடங்கும் நேரத்தில் இவ்விரு வீடுகளையும் பாருங்கள். குண்டுபட்ட உடல், ஒரு துப்பாக்கி, 'உயிருக்குப் பயந்து சுட்டேன்' என்னும் வாக்குமூலம். வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. எங்கே நின்று சுட்டார்? எவ்வளவு தொலைவிலிருந்து? எதிரே வந்தவனையா, ஓடுகிறவனையா? இக்கேள்விகளுக்கு விடை தரவல்ல சாட்சிகளுள் முதன்மையானது துப்பாக்கி. அந்தச் சாட்சியைச் சுட்டவர் வீட்டிலேயே விட்டுவிட்டு வருவது விசாரணை ஆகாது. 2012இல் அந்தத் தம்பதியரைக் காப்பாற்றியது ஆரவாரமல்ல, விசாரணைதான்.

இந்தியச் சட்டம் இதைவிடத் தாராளமானது என்பார்கள். உண்மைதான். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 103ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 41ஆம் பிரிவாக இருப்பது, இரவில் வீட்டை உடைத்து நுழைபவனைத் தடுக்க உயிரைப் போக்கவும் இடமளிக்கிறது. ஆனால் தற்காப்புக்குத் தேவையானதற்கு மேல் தீங்கிழைக்கலாகாது என்னும் வரம்பு அங்கும் உண்டு. எது தேவை, எது தேவைக்கு மேல் என்று சுட்டவரே சொல்லி முடித்துவிட முடியாது.

கள்வன் என்னும் ஒற்றைச் சொல்லை நம்பி, விசாரியாமல் ஒருவனை வெட்டியதால் ஒரு நகரமே எரிந்த கதையைக் காப்பியமாகப் போற்றுகிறவர்கள் நாம். கோவலன் குற்றமற்றவன், அந்தச் சிறுவனோ திருடத்தான் வந்தான். இரண்டையும் ஒப்பிடலாமா என்று கேட்பீர்கள். நாம் இறந்தவர்களை ஒப்பிடவில்லை. பாண்டியனின் பிழை, ஆராய வேண்டிய கடமையைத் தட்டிக் கழித்தது. அந்தப் பிழையை வீட்டுக்கு வீடு உரிமையாக வழங்கச் சொல்கிறார்கள் இவர்கள்.

'வாங்கியதை உடனே திருப்பிக் கொடு' என்போர் பிளிமத் நகரை நினைத்துப் பார்க்கட்டும். அங்கே பூங்காவில் சிறார் இருவரைத் தாக்கிய ஒருவரின் துப்பாக்கியும் உரிமமும் 2020 டிசம்பரில் பறிக்கப்பட்டன. 2021 ஜூலையில் திருப்பித் தரப்பட்டன. ஆகஸ்ட் 12 அன்று அவர் தம் தாயையும், மூன்று வயதுக் குழந்தை உட்பட மேலும் நால்வரையும் சுட்டுக் கொன்றார். அவர் திருடனைச் சுட்ட வீட்டுக்காரர் அல்லர். ஆயினும், பறித்ததைத் திருப்பித் தருவது வெறும் பண்டக அறை வேலை அல்ல என்பதற்கு அந்த ஐந்து சாவுகள் போதும்.

குறையே இல்லையா என்றால், உண்டு. காவல்துறை கைப்பற்றிய பொருளைத் தேவையுள்ளவரை வைத்துக்கொள்ள 1984ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிக்கிறது. நாள் வரையறை கிடையாது. வழக்கில்லை என்றான பின்பும் பொருள் திரும்பாவிட்டால், 1897ஆம் ஆண்டுச் சட்டமொன்றைப் பிடித்துக்கொண்டு உரியவர்தான் நீதிமன்றப் படியேற வேண்டும். குற்றமற்றவரை இப்படி அலைக்கழிப்பது அநீதி. காலக்கெடு கேளுங்கள், தாமதத்துக்கு எழுத்தில் காரணம் கேளுங்கள். தம் வீட்டில் முன்பும் பலமுறை திருடு போனதாகவும், காவல்துறை தம்மைக் கைவிட்டதாகவும் மார்ட்டின் சொன்னார். ஒதுக்குப்புற வீடுகளுக்கும் காவலர் வந்துசேர வேண்டும் என்று கேளுங்கள். உங்களோடு நாமும் கேட்போம்.

ஆனால் சுட்டவர் சொல்லே தீர்ப்பு, அவர் துப்பாக்கியைத் தொடாதே என்று கேட்பீர்களானால் உடன்பட மாட்டோம். திருட்டுக்குச் சிறை உண்டு. எந்த ஆங்கில நீதிமன்றமும் இன்று அதற்கு மரண தண்டனை விதிப்பதில்லை. நீதிமன்றத்துக்கே இல்லாத அதிகாரத்தை ஒரு பண்ணைவீட்டின் இருட்டுக்குக் கொடுக்க முடியாது.