கொடுத்த மரம் திரும்பி வந்தது



மலரைக் கண்டு மகிழாத மாந்தர் உலகில் இலர். ஆயினும், ஒரு நகரத்து மக்கள் அனைவரும் மரங்கள் பூக்கும் நாளை எதிர்நோக்கிக் காத்திருப்பது அரிய காட்சியே ஆகும். அமெரிக்க நாட்டின் தலைநகரமாகிய வாஷிங்டனில் ஆண்டுதோறும் இது நிகழ்கின்றது. குளிர்காலம் நீங்கி இளவேனில் தொடங்கும் வேளையில், பெரும்பாலும் மார்ச்சு மாத இறுதியிலோ ஏப்ரல் மாதத் தொடக்கத்திலோ, அந்நகரின் செர்ரி மரங்கள் பூக்கின்றன. இலை தளிர்க்கும் முன்னரே கிளையெங்கும் மலர் நிறைவதால், மரம் முழுவதும் வெண்மேகம் தங்கியதுபோல் தோன்றும். டைடல் பேசின் என்னும் நீர்நிலையைச் சுற்றிலும் நிற்கும் மரங்களின் உருவம் நீரிலும் தெரியும். நூற்றுக்கு 70 மலர்கள் விரிந்த நாளையே முழுமலர்ச்சி நாள் எனப் பூங்கா அதிகாரிகள் கொள்கின்றனர். அதன்பின் காற்றோ மழையோ வந்தால், சில நாள்களிலேயே இதழ்கள் யாவும் உதிர்ந்துவிடும்.

"இம்மரங்கள் உண்ணத்தக்க கனி தருவதில்லை. சில நாள் பூப்பதற்காக ஆண்டு முழுவதும் பேணுவதா?" என்று சிலர் வினவக்கூடும். உழைத்து உண்ணும் நமக்கு இவ்வினா எழுவது இயல்பே. ஆனால், அம்மரங்களின் வரலாற்றை அறிந்தால், கனியினும் பெரிய பயன் ஒன்றை அவை தந்துள்ளமை விளங்கும்.

இம்மரங்களின் தாயகம் ஜப்பான். மலர்ந்த மரத்தடியில் குடும்பத்தோடும் நண்பரோடும் அமர்ந்து மகிழ்வது அந்நாட்டாரின் நெடுங்கால மரபு. 1885ஆம் ஆண்டில் அங்குச் சென்று திரும்பிய எலைசா சிட்மோர் என்னும் அமெரிக்க எழுத்தாளர், இம்மரங்களை வாஷிங்டன் ஆற்றங்கரையிலும் நடவேண்டும் என்று அதிகாரிகளை வேண்டினார். அவர்கள் செவிசாய்க்கவில்லை. அந்த அம்மையாரோ மனந்தளராமல் 24 ஆண்டுகள் முயன்றார். இறுதியில், 1909ஆம் ஆண்டில், அதிபரின் துணைவியாரான ஹெலன் டாப்ட் அம்மையாருக்குக் கடிதம் எழுதினார். அவர் இசைவு தந்தார். செய்தி அறிந்த டோக்கியோ நகரம் 2,000 மரக்கன்றுகளை அன்பளிப்பாக அனுப்ப முன்வந்தது.

1910ஆம் ஆண்டில் வந்து சேர்ந்த அக்கன்றுகளில் பூச்சியும் நோயும் காணப்பட்டன. பிற பயிர்களைக் காக்கும்பொருட்டு அவையனைத்தும் எரிக்கப்பட்டன. அன்பளிப்பைத் தீயிலிட்டால் கொடுத்தவர் உள்ளம் நோகாதா? ஆயினும், டோக்கியோ மேயர் யூக்கியோ ஒசாக்கி சினங்கொள்ளவில்லை. தம் நகரின் அரகாவா ஆற்றங்கரையில் நின்ற புகழ்பெற்ற செர்ரி மரங்களிலிருந்து குச்சிகளை எடுத்து, காட்டுச் செர்ரிக் கன்றுகளில் ஒட்டுக்கட்டச் செய்தார். நம் நாட்டின் பால்மரத் தோட்டங்களில் ஒட்டுக்கட்டிப் பழகிய பெரியோர்கள் இத்தொழிலின் அருமையை நன்கறிவர். இவ்வாறு உருவான 3,020 கன்றுகள் 1912ஆம் ஆண்டில் வாஷிங்டனை அடைந்தன. அவ்வாண்டு மார்ச்சுத் திங்கள் 27ஆம் நாள், ஹெலன் டாப்ட் அம்மையாரும் ஜப்பானியத் தூதரின் துணைவியாரும் முதலிரு கன்றுகளை நட்டனர்.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின் போர் மூண்டது. 1941ஆம் ஆண்டு டிசம்பரில், ஜப்பானியப் படை பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய சில நாள்களுக்குள், வாஷிங்டனில் நான்கு செர்ரி மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டன. பகைவர் நாட்டு மரம் என்ற சினமே அதற்குக் காரணமாகக் கருதப்பட்டது.

இங்கு நாம் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அப்போரில் நம் இனத்தார் பட்ட துயர் சிறிதன்று. 1942 முதல் 1945 வரை மலாயாவை ஆண்ட ஜப்பானியப் படையினர், தோட்டப்புறத் தமிழர் பல்லாயிரவரைச் சயாம் இரயில் பாதை அமைக்கக் கொண்டுசென்றனர். சென்றவருள் மிகப் பலர் மீண்டு வரவில்லை. அத்துயரை மறந்துவிடுமாறு எவரும் நம்மைக் கேட்டல் தகாது. நாமும் மறத்தல் ஆகாது. ஆயினும், கொடுமை செய்தது படையாதிக்கம். கன்றுகளை அனுப்பிய ஒசாக்கியோ, பின்னாளில் அந்தப் படையாதிக்கத்தையே நாடாளுமன்றத்தில் எதிர்த்தவர். ஆகவே, ஒரு நாட்டின் ஆட்சியாளர் செய்த பிழைக்காக அந்நாட்டார் அனைவரையும் வெறுப்பதும், அவர்கள் தந்த மரத்தை வெட்டுவதும் அறமாகா என்பதே என் கருத்து.

வெட்டாமல் விட்ட மரங்கள் பின்னர் என்ன செய்தன தெரியுமா? போர்க்காலத்தில் பேணுவாரின்றி, அரகாவா ஆற்றங்கரையின் தாய்மரங்கள் நலிவுற்றன. ஜப்பானியர் அமெரிக்காவின் உதவியை நாடினர். 1952ஆம் ஆண்டில் வாஷிங்டன் மரங்களிலிருந்து ஒட்டுக்குச்சிகள் டோக்கியோவுக்கு அனுப்பப்பட்டன. பிள்ளை மரங்கள் தாய்மரத்தின் வழித்தோன்றலைக் காத்தன! மீண்டும் 1981ஆம் ஆண்டில், ஜப்பானில் வெள்ளத்தால் அழிந்த மரங்களுக்கு ஈடுசெய்ய, வாஷிங்டனிலிருந்தே குச்சிகள் எடுத்துச் செல்லப்பட்டன. 2024ஆம் ஆண்டில், கரைச்சுவரைப் புதுப்பிப்பதற்காக வாஷிங்டனில் ஏறத்தாழ 140 செர்ரி மரங்கள் வெட்டப்பட்டபோது, 250 புதிய மரங்களைத் தருவதாக ஜப்பான் உறுதி கூறியது. கொடுத்தலும் திரும்பக் கொடுத்தலும் நூறாண்டு கடந்தும் தொடர்கின்றன.

"எம் மலர் எமக்கே உரியது" என்று டோக்கியோ நகரத்தார் அன்று பூட்டி வைத்திருந்தால், தாய்மரங்கள் நலிந்தபோது எங்கே சென்று தேடியிருப்பர்? ஈந்த பொருள் குறைவதில்லை; அது வேறோர் இடத்தில் நமக்காகக் காக்கப்படுகின்றது. இவ்வுண்மையை அறிய நாம் வாஷிங்டனுக்குச் செல்ல வேண்டுவதில்லை. நம் வீட்டுக் கறிவேப்பிலை மரத்தடியில் முளைத்த கன்று ஒன்றை அடுத்த வீட்டாருக்குத் தருகின்றோம். நம் மரம் பட்டுப்போன நாளில், அவர்கள் வீட்டு மரத்தடியிலிருந்து நமக்கொரு கன்று கிடைக்கும். கல்வியும் அத்தகையதே. தாம் அறிந்த கணக்கைப் பக்கத்தில் இருக்கும் நண்பனுக்குச் சொல்லிக் கொடுக்கும் மாணவன் அதனை மறப்பதில்லை.

மாணவர்களே! உங்களிடம் இருப்பது ஒரு செடியாயினும், ஒரு நூலாயினும், ஒரு பாடமாயினும் பிறரோடு பகிர்ந்துகொள்ளுங்கள். அவர் எந்த இனத்தார், எந்த மொழியினர் என்று பாராமல் கொடுங்கள். பெற்றோர்களே! கொடுக்கும் கையைத் தடுக்காதீர்கள், உடனிருந்து ஊக்குவியுங்கள். மலர் சில நாளில் உதிரும். மனமுவந்து கொடுத்த கொடை தலைமுறைதோறும் தழைக்கும்.

ஈகை வளர்க! மனிதநேயம் மலர்க!