கம்பியில்லாத் தொலைபேசியும் மலைநாட்டு மழையும்



சில மாதங்களாக நமது காரியாலயத்தில் ஒரு புதிய விருந்தாளி இருந்து வருகின்றது. கறுப்பு நிறம், கைக்கு அடக்கமான உருவம், நாற்புறமும் ரப்பர்க் கவசம். வால் போலத் தொங்கும் கம்பி அதற்கு இல்லை. இன்டர்நெட் வழியே பேசும் கம்பியில்லாத் தொலைபேசி அது. மூணாறுப் பக்கத்துச் சங்கத்து நண்பர் ஒருவர் சென்ற மாதம் நம்மைக் கண்டபோது, "எங்கள் எஸ்டேட்டு ஆபீசுக்கும் இப்படி ஒன்று வரப்போகிறதாம். நீங்கள் கையாண்டு பார்த்தவர், நம்பலாமா என்று பத்திரிகையில் எழுதுங்களேன்" என்றார். பத்தாவது வகுப்போடு பள்ளிக்கு வணக்கம் கூறிய ரயில்வே குமாஸ்தாவாகிய நாம் விஞ்ஞானம் கற்றவர் அல்லோம். ஆயினும் தினமும் கையில் பிடிக்கும் பொருளைப் பற்றிக் கண்டதைக் கூறுதல் தகும் அன்றோ?

நாம் பணிபுரிவது பாலக்காட்டுக் கணவாயை அடுத்த ஒரு சரக்கு நிலையத்தில். சரக்கு வண்டி வந்து நின்றுவிட்டால் ஒரு கோடியில் சிமெண்டு மூட்டை இறங்கும். மறுகோடியில் லாரிகள் வரிசை பிடிக்கும். கணவாய்க் காற்றைப் பற்றி அந்தப் பக்கத்தார்க்குச் சொல்ல வேண்டியதில்லை. வேனிலில் சிமெண்டுப் புழுதி. ஆனி ஆடியில் சாய்ந்து அடிக்கும் சாரல். முன்பு தொலைபேசி மேசையின்மேல் இருந்தது. மணி ஒலித்தால் கொட்டகையின் கோடியிலிருந்து ஓடி வருவோம். வந்து எடுப்பதற்குள் மணி ஓய்ந்துவிடும். மறுமுனையில் இருந்தவர், "குமாஸ்தா ஆசனத்தில் இல்லை" என்று எழுதிக்கொள்வார். நின்றுகொண்டே வேலை செய்தவனுக்கு இப்படி ஒரு பெயர்!

புதிய கருவி அந்தப் பழியைத் துடைத்தது. இடுப்பில் செருகிக்கொண்டு வண்டிக்கு வண்டி நடக்கின்றோம். நின்ற இடத்திலேயே பதில் கூறுகின்றோம். வந்த முதல் வாரத்திலேயே லாரியின் படியிலிருந்து சிமெண்டுத் தரையில் அது விழுந்தது. சுமைத்தொழிலாளி ஒருவர் எடுத்துத் தூசி தட்டி, "சார், இன்னும் பேசிக்கிட்டே இருக்கு" என்று சிரித்தபடி கொடுத்தார். மெய்யாகவே மறுமுனையில் இருந்தவர் பேச்சை நிறுத்தவில்லை!

இதன் பெட்டியின்மேல் 'ஐ.பி. 65' என்று அச்சிட்டிருந்தது. இன்டர்நெட்டுக்கு உரிய ஐ.பி.யே இதுவும் என்று முதலில் எண்ணினோம். பிறகு கேட்டறிந்தோம்: அந்த ஐ.பி. வேறு, இந்த ஐ.பி. வேறு. இது தூசியும் நீரும் உள்ளே புகாத தன்மையை அளக்கும் குறியாம். 6 என்பது தூசி அறவே புகாது என்பதற்கும், 5 என்பது குழாயிலிருந்து பீய்ச்சும் நீரைத் தாங்கும் என்பதற்கும் அடையாளம். நீரில் மூழ்கினால் தாங்கும் என்று இதற்குப் பொருளன்று. கருவி வாங்குவோர் இந்த இரண்டு இலக்கங்களையும் படித்து வாங்குவது நலம்.

இனி அது வேலை செய்யும் விதம். கையிலுள்ள கருவி ரேடியோ அலையால் சுவரில் மாட்டிய ஒரு தாய்ப் பெட்டியோடு பேசுகின்றது. 'டெக்ட்' என்னும் இம்முறை 1990களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் வகுக்கப்பட்டது. தடையில்லாத வெளியில் ஏறக்குறைய 300 மீட்டர் வரை அலை எட்டும். கட்டடத்துக்குள் 50 மீட்டர் போவதே அரிது. ஆகவே பெரிய இடங்களில் பல தாய்ப் பெட்டிகளை மாட்டுவர். நாம் நடக்க நடக்க ஒரு பெட்டி மற்றொன்றிடம் நம் பேச்சை ஒப்படைக்கும். தாய்ப் பெட்டியிலிருந்து ஒரு கம்பி இணைப்புப் பெட்டிக்குச் செல்லும். அங்கிருந்து இன்டர்நெட் வழியே குரல் உலகத்துக்குப் போகும். பெரும்பாலும் அந்தக் கம்பியே தாய்ப் பெட்டிக்கு மின்சாரத்தையும் கொண்டுவரும்.

இந்த டெக்ட் முறைக்கும் நம்மவர்க்கும் ஓர் உறவு உண்டு. கம்பி இழுக்கும் செலவுக்கு அஞ்சித் தொலைபேசி கிராமங்களுக்குப் போகாதிருந்த 1990களில், சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழுவினர் இதே முறையைத் தழுவி 'கார்டெக்ட்' என்ற அமைப்பை உருவாக்கினர். கண்ணுக்கு நேரே தடையில்லாவிடில் அது 10 கிலோமீட்டர் வரை எட்டியது. சமவெளிக் கிராமங்களுக்கு அது பெரிய உபகாரம். மலைக்கோ அலையை மறைக்க அடுத்த மலையே போதும்!

இவ்வளவும் புகழ்ச்சி. இனிக் குறையைக் கேளுங்கள்.

மழைக்காலத்தில் ஒரு மாலை மின்சாரம் நின்றது. கையிலிருந்த கருவியில் பாட்டரி நிரம்ப இருந்தது, விளக்கும் எரிந்தது, ஆனால் பேச்சில்லை. சுவரிலிருந்த தாய்ப் பெட்டி உறங்கிவிட்டது. அதற்கு மின்சாரம் ஊட்டும் பெட்டியும், இன்டர்நெட் பெட்டியும் உறங்கிவிட்டன. கொட்டகையில் ஒரு தொழிலாளிக்குக் கால் நசுங்கி ஆம்புலன்ஸ் வேண்டியிருந்த வேளை அது. நமது செல்போனில் அலை ஒரு கோடு தோன்றுவதும் மறைவதுமாக இருந்தது. கடைசியில் பக்கத்து அறைக்கு ஓடி, ஓரத்தில் கிடந்த பழைய கைப்பிடி சுற்றும் தொலைபேசியைச் சுற்றினோம். அது தன் பாட்டரியில் உயிர் வாழ்வது; ஊர் மின்சாரத்தை எதிர்பாராதது. மறுமுனையில், "சொல்லுங்கள்" என்று குரல் வந்தபோது நமக்கு உயிர் வந்தது. அந்தத் தொழிலாளி இன்று நலமாக இருக்கின்றார்.

பழைய முறையில், கம்பிவழித் தொலைபேசிக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்து அந்தக் கம்பியிலேயே வந்தது. எக்ஸ்சேஞ்சில் 48 வோல்ட் பாட்டரிகள் வரிசையாக நின்றன. ஆகவே வீட்டில் விளக்கு அணைந்தாலும் தொலைபேசி பேசியது. புதிய முறையில் அந்தப் பொறுப்பு முழுவதும் நம் வாசலுக்கு வந்துவிட்டது. விற்பவர் இதனை உரக்கச் சொல்வதில்லை.

இதனை இவ்வளவு விரித்து எழுதக் காரணம் உண்டு. 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவை நம் மலைநாட்டுக் குடும்பங்கள் மறக்கமாட்டா. இராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் இரவு பதினோரு மணிக்குச் சற்று முன்னே மலை சரிந்து, தேயிலைத் தொழிலாளர் உறங்கிக்கொண்டிருந்த லயங்களை மூடியது. எழுபது பேர் மாண்டனர். கயத்தாறு முதலிய ஊர்களிலிருந்து தலைமுறைக்கு முன் மலையேறிய நம்மவர் அவர்களிற் பலர். கனமழையால் மின்சாரம் ஏற்கனவே அறுந்திருந்தது, தொலைபேசியும் இல்லை. பிழைத்தவர் கூவிய குரல் மழையில் கரைந்தது. மறுநாள் காலையிலேதான் செய்தி வெளியுலகை எட்டியது. பெரியவரைத் தற்காலிகப் பாலமும் வெள்ளத்தில் போயிருந்தமையால் மீட்போர் போய்ச் சேரவும் தாமதமாயிற்று. செய்தி உடனே வந்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பர் என்று நாம் கணக்குப் பார்க்கத் துணியவில்லை. ஓர் இரவு முழுவதும் உதவி கேட்க வழியற்றிருந்தனர் என்பதே நெஞ்சைச் சுடுகின்றது.

நமது அத்தையார் அப்போது மூணாறுப் பக்கத்தில் வேறோர் எஸ்டேட்டில் கொழுந்து பறித்துவந்தார். செய்தி கேட்ட நாள்முதல் இரண்டு நாள் அவர் எண்ணை அழைத்தோம். தொடர்பு எல்லைக்கு வெளியே என்ற ஒரே பாட்டு. மூன்றாம் நாள் அவரே அழைத்து, "ராசா, நாங்க இருக்கோம்ப்பா" என்றார். அந்த மூன்று சொல்லுக்காக இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. நம் வாசகர்களிற் பலருக்கு அந்த மூன்று சொல்லும் வரவே இல்லை.

மலை இத்தகைய மௌனத்தை முன்பும் கண்டதுண்டு. 1924ஆம் ஆண்டு, கொல்லம் 1099இல் வந்த பெருவெள்ளம், மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஓடிய குண்டளை ரயில்பாதையையே அடித்துச் சென்றது. ரயில்வேக்காரராகிய நாம் அதை நினைத்துப் பெருமூச்சு விடுவோம். அந்தப் பாதை திரும்ப வரவேயில்லை.

ஆதலின் நண்பர் கேட்ட கேள்விக்கு நமது விடை இது: கருவி நல்லது; வரட்டும். வருமுன் எஸ்டேட்டு ஆபீசிலும் தொழிற்சங்கத்திலும் சிலவற்றைக் கேட்டுவையுங்கள்.

முதலாவது, மின்சாரம் நின்றால் எத்தனை மணி நேரம் பேசும்? கைக்கருவியை மட்டும் காட்டினால் ஒப்பாதீர். தாய்ப் பெட்டி, இணைப்புப் பெட்டி, இன்டர்நெட் பெட்டி மூன்றுக்கும் யு.பி.எஸ். உண்டா என்று கேளுங்கள். ஒருநாள் பகலில் மெயின் சுவிட்சை அணைத்து அவர்கள் முன்னிலையிலேயே சோதித்துப் பாருங்கள்.

இரண்டாவது, இன்டர்நெட் கம்பி ஒரே வழியில் வருகின்றதா? மண் சரியும் சாலையோரமே அது வந்தால், சாலையும் பேச்சும் ஒன்றாய்ப் போகும். வேறொரு வழி இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, இரவில் எடுப்பார் யார்? ஆபீசைப் பூட்டிச் சாவியை எடுத்துச் சென்றுவிட்டால், உள்ளே இருக்கும் உயர்ந்த கருவியால் லயத்துக்கு என்ன பயன்? மழைக்காலத்திலாவது ஒரு கைக்கருவி லயத்துக்கு எட்டும் இடத்தில், பொறுப்பான ஒருவர் கையில் இருக்கட்டும்.

நான்காவது, இன்டர்நெட் தொலைபேசியில் 112ஐ அழைத்தால், அழைத்த இடம் எதுவென்று மறுமுனைக்குத் தானே தெரிந்துவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம். எஸ்டேட்டின் பெயர், டிவிஷன், லயத்து எண் மூன்றையும் முதலில் சொல்லக் குழந்தைகளுக்கும் பழக்குங்கள். மாவட்டப் பேரிடர் அறைக்கு 1077. வெளியூரிலிருந்து அழைப்பவர் அம்மாவட்டத்தின் எஸ்.டி.டி. எண்ணை முன்னே சேர்க்க வேண்டும். இவற்றைக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பாட்டரி இறந்த செல்போனுக்குள் இருக்கும் எண் எவருக்கும் உதவாது.

கடைசியாக, பழைய கருவி ஒன்று வேலை செய்துகொண்டிருந்தால் அதைக் காயலான் கடைக்கு அனுப்ப அவசரப்படாதீர்கள்.

நமது நிலையத்தில் அந்த மாலைக்குப் பின் யு.பி.எஸ். வேண்டுமென்று விண்ணப்பம் எழுதினோம். பதில் வரவில்லை. இரண்டாவது விண்ணப்பத்தில் அந்தத் தொழிலாளியும் கையெழுத்திட்டார். சென்ற வாரம் ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. மூன்று மணி நேரம் தாங்குமாம். மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்தோம். இரண்டே கால் மணி நேரம் தாங்கியது. அந்தக் கணக்கையும் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கின்றோம்.

அத்தையார் பணி ஓய்வு பெற்று இப்போது போடியில் மகளோடு இருக்கின்றார். 2023ஆம் ஆண்டு போடிக்கு ரயில் மீண்டும் வந்ததிலிருந்து போய்வருவது எளிதாயிற்று. ஆயினும் மலையில் மழை என்று பத்திரிகையில் கண்டால் இன்றும் அவரே முதலில் அழைப்பார். "லயத்துல எல்லாரும் நல்லா இருக்காங்களான்னு விசாரிச்சியா ராசா?" என்பார். உங்கள் லயத்திலிருந்து அதற்கு விடை வர ஒரு வழி, எந்த மழையிலும், திறந்தே இருக்கட்டும்.