கைவேலைப் பக்கம்: சேவல் இறக்கையே போதும்!

தனுஷ்கோடிக்குப் போய் வந்த என் இளைய மகன், கரையில் செத்துக் கிடந்த பூநாரையின் இறக்கையைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். "கூடத்துச் சுவரிலே மாட்டலாம்மா!" சிவப்பும் கறுப்புமாய் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றமாச்சே! தானாக உதிர்ந்த மயில்தோகைக்குத்தான் விலக்கு உண்டு. மறுநாளே இறக்கையை வனத்துறையிடம் ஒப்படைத்தோம்.

பையன் முகம் வாடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு வந்த நாட்டுச் சேவல்தான் கைகொடுத்தது.

இறக்கையை மூட்டோடு வெட்டி, உள்பக்கம் கீறிச் சதையை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் பொடியுப்பும் வெங்காரமும் அழுத்தித் தடவுங்கள். (வெங்காரம் விஷம். குழந்தைகள் கையில் படக்கூடாது. சமையல் பாத்திரமும் வேண்டாம்.) விசிறி மாதிரி விரித்து, அட்டையில் குண்டூசியால் இறுக்கி, எறும்பு ஏறாமல் நிழலில் மூன்று வாரம் காயவிடுங்கள். வால் இறகுகளை இளஞ்சூடான சோப்புத் தண்ணீரில் அலசி உலர்த்தினால் போதும். நம் ஊர்க் கடற்காற்றில் பூஞ்சை பிடிக்கும். அதனால் கண்ணாடிச் சட்டம் போட்டே மாட்டுங்கள்.

2025-இல் தனுஷ்கோடியைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்களே, அங்கே கூட்டிப் போய் உயிரோடு பறப்பதைக் காட்டுங்கள். என் பிள்ளை அதற்கப்புறம் இறக்கை கேட்கவே இல்லை!